பெடலை அழுத்திப் பிடிங்கப்பா

என் மாமனாருக்கு இடது காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. அதை அந்த வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடித்து என்ன பிரயோசனம், சொன்னால் காது கொடுத்துக் கேட்க ஆள் வேண்டாமா? அப்பனும் பிள்ளையும் ஒரே அச்சு. தெருமுனையில் ஒரு என்ஜின் லேசாக இருமினாலும் இரண்டு பேருக்கும் கேட்டுவிடும். வீட்டில் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினால் கேட்காது.

எங்கள் பட்டறை வீட்டை ஒட்டியே இருக்கிறது. ஒரு நீளத் தகரக் கொட்டகை. ஒரு பாதியில் என் வீட்டுக்காரர் கார் பழுது பார்ப்பார். மறு பாதியில் நான் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பேன். நடுவில் சுவர் கிடையாது, எண்ணெய்க் கறை படிந்த ஒரு படுதா தொங்கும். அந்தப் பக்கம் சம்மட்டி விழுந்தால் இந்தப் பக்கம் என் தையல் கோணும். அவர் கிரீஸ் கையோடு என் பக்கம் எட்டிப் பார்த்தால் நான் கத்தரிக்கோலைக் காட்டுவேன். எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாமனார் வாழ்நாள் முழுக்க டிரைவர். அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்தத் தெருவில் டிரைவர் என்றால் அவர் ஒருத்தர்தான். ஊரார் வண்டியையெல்லாம் ஓட்டித் தேய்ந்தவருக்குக் கடைசி முதலாளி போகும்போது தன் பச்சை வண்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் செய்த கம்பெனியே மண்ணோடு மண்ணாகிவிட்டது. மாமியார் இறந்த பிறகு மாமனாருக்குப் பேச்சுத்துணை அந்த வண்டிதான். தெருவில் யாருக்காவது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ரயிலடிக்குப் போக வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யாரும் கூப்பிடாத நாளிலும் காலையில் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறந்தால் சண்டைக்காரி என்று சொல்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான்.

வெறுங்காலில்தான் ஓட்டுவார். ஏறும்போதே செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார்.

"செருப்பு போட்டுக்கிட்டு கிளட்ச் மிதிக்கிறது, கையுறை மாட்டிக்கிட்டு நாடி பிடிச்சுப் பாக்குற மாதிரி. ஒரு மண்ணும் தெரியாது" என்பார்.

ஒரு நாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை.

"மாமா, இன்னொரு செருப்பு எங்க?" என்றேன்.

குனிந்து பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. திருடிக்கொண்டு ஓடும்போது பிடிபட்ட ஆள் மாதிரி முழித்தார். "கழட்டி வெச்சேம்மா" என்றார். ஒற்றைச் செருப்பை யார் கழற்றி வைப்பார்கள்? உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. என் ஊசி இடுக்கியால் பிடுங்கினேன். ரத்தம் வந்தது. அவர் தெருவில் போகிற வண்டி எந்த வருஷத்து மாடல் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கால் அசையவே இல்லை.

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்கப்பாவுக்கு சர்க்கரை இருக்கு, மாத்திரை ஒரு நாள் போட்டா ஒரு நாள் போடறதில்ல. காலுக்கு உணர்ச்சி போயிடுச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் சாவியை வாங்கி வைங்க."

"வயசானா தோல் தடிச்சுப் போகும். அதுக்கெல்லாமா டாக்டர்?"

"சாவி?"

"சாவியை வாங்கறதும் அவர் கழுத்தைப் பிடிக்கறதும் ஒண்ணுதான். உனக்கு ஊர்ல இல்லாத சந்தேகம்" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்த பச்சை வண்டி திடீரென்று முன்னால் குதித்தது. எதிரே ஒருத்தி குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். தள்ளுவண்டியின் சக்கரத்தைத் தொட்டு பச்சை வண்டி நின்றது. என்ஜின் அணைந்துபோனதால் நின்றது, வேறு எதனாலும் இல்லை. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடியவர்கள் மாமனாரை அடிக்காமல் விட்டது அவர் தலை நரைத்திருந்ததால்தான்.

வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "கிளட்ச் பிரியலடா. முழுசா மிதிச்சிருக்கேன், பிரியவே இல்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கிளட்ச் என்றால் அது அவர் ஊர், அவர் ராஜ்ஜியம். "அப்பா, கிளட்ச் லிங்கேஜ் கம்பியையெல்லாம் முழுசா பிரிச்சுப் புதுசு மாதிரி பண்ணித் தரேன். அதுக்கு அப்புறமும் இப்படி ஒண்ணு நடந்தா சாவியை என்கிட்ட குடுத்துடணும். சம்மதமா?"

மாமனார் கொஞ்சம் யோசித்து, "சம்மதம்" என்றார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "கிளட்சைப் பிரிங்க, வேணாங்கல. காலையும் ஒரு தரம் பாருங்க" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கிளட்ச் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினையும் சக்கரத்தையும் கொஞ்ச நேரம் பிரித்து வைப்பது அதன் வேலை. பச்சை வண்டியில் அதற்கு எல்லாமே இரும்புக் கம்பிதான். காலால் மிதிக்கிற பெடல் ஒரு கம்பியைத் தள்ளும். அது வண்டிக்கு அடியில், மடக்கிய முழங்கை மாதிரி இருக்கிற ஒரு முட்டிக்கையைத் திருப்பும். முட்டிக்கை இன்னொரு கம்பியை இழுக்கும். அந்தக் கம்பி கியர்பெட்டியில் இருக்கிற கவையை அசைக்கும், கவை அசைந்தால்தான் கிளட்ச் பிரியும். ஒன்றோடு ஒன்று சேருகிற இடத்தில் எல்லாம் ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு பின். வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து ஓட்டை நீள்வட்டமாகிவிடும், பின் நடுவில் இளைத்துவிடும். ஒரு மூட்டில் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. எல்லா மூட்டிலும் உள்ள லூசையும் கூட்டினால், பெடல் பாதி தூரம் சும்மாவே கீழே போகும். அடியில் கவை அசைந்திருக்காது.

பச்சை வண்டியில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அதுதான் எங்கள் தலையெழுத்து. வண்டியில் கோளாறு இல்லாமல் இருந்திருந்தால் காலைப் பார்த்திருப்பார்கள்.

கழற்றிய சாமான்களை என் வீட்டுக்காரர் ஒரு தட்டில் வைத்து எனக்கே கொண்டுவந்து காட்டினார். "பாரு, காலாம் காலு. இந்தப் பின்னைப் பாரு."

பின்னைப் பார்த்தேன். கரும்பலகையில் எழுதித் தேய்ந்த சாக்பீஸ் மாதிரிதான் இருந்தது.

பக்கத்துத் தெருவில் லேத்து வைத்திருக்கிறவரை எல்லோரும் அரைநூல் என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கொடுத்தாலும் அளந்துவிட்டு, "அரை நூல் ஜாஸ்தி" அல்லது "அரை நூல் கம்மி" என்பார். அவர் புது இரும்பில் பின் கடைந்து கொடுத்தார், தேய்ந்த ஓட்டைகளை வட்டமாகக் குடைந்து புஷ் என்கிற வெண்கல வளையம் இறக்கிக் கொடுத்தார்.

"டிரைவரே, உங்க பின்னெல்லாம் உங்களை மாதிரியே இடுப்புல இளைச்சுப் போச்சு" என்றார் மாமனாரிடம்.

"என்னைக் கடைஞ்சு குடுக்க ஆள் இல்லியே" என்றார் மாமனார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி, என் வீட்டுக்காரர் தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இறங்கும்போது புது மாப்பிள்ளை மாதிரி இருந்தார். "அப்பா, கை வெச்சு அழுத்தினாலே பிரியுது. போய்ப் பாருங்க."

மாமனார் ஏறினார். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை உதறி அணைந்தது. மூன்றாவது தடவை பெடலிலிருந்து கால் நழுவுவதை நான் கார் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமனாருக்கு அது தெரியவில்லை. கால் பெடலுக்குப் பக்கத்தில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, அவர் பெடலை மிதிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். வண்டி போய்க் கேட்டுத் தூணில் மெதுவாக முட்டிக்கொண்டது.

இறங்கி வந்து, "இன்னும் லூஸ் இருக்குடா" என்றார்.

"கால் வழுக்குது மாமா. நான் பாத்தேன்" என்றேன்.

"பெடல் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்மா. அதான் வழுக்குது."

என் வீட்டுக்காரர் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். பெடல் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. எந்தக் காலத்திலோ வளைந்தது. அதன் ஓட்டையிலும் துளி லூஸ் மிச்சம் இருந்தது, அந்த இடத்தில் இரும்பு மெலிசு என்று புஷ் போடாமல் விட்டிருந்தார்கள். அவ்வளவுதான், அவருக்கு உயிர் வந்துவிட்டது. "நான்தான் அரைகுறையா விட்டுட்டேன். இது இன்னும் கணக்குல வராதுப்பா. பெடலையும் சரி பண்ணிட்டு அப்புறம் பாப்போம்" என்றார். மாமனார் தலையாட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிரவு நான் சாப்பாட்டைத் தட்டில் கொட்டிய சத்தத்தில் ஒருத்தருக்கும் வாய் திறக்கத் தைரியம் வரவில்லை. கோபத்தை வேறு எதில் காட்டுவேன்?

மறுநாள் பெடல் வெளியே வந்தது. என் வீட்டுக்காரர் தேய்ந்த ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்து, ஆறவிட்டு, அரம் போட்டு, புதிதாகத் துளை போட்டார். நன்றாகச் செய்தார், குறை சொல்ல முடியாது. சாய்வை நிமிர்த்துவது மட்டும் பாக்கி. பெடலின் கழுத்தை கேஸ் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, இரும்புப் பிடியில் கவ்வவைத்து, நெம்ப ஒரு குழாயை மாட்டி நிமிர்த்தினார். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கினால் பிற்பாடு நொறுங்கும், தானாகத்தான் ஆற வேண்டும். இதெல்லாம் அவர் எனக்குப் பாடம் எடுத்த விஷயம்தான்.

மாமனார் பக்கத்திலேயே நின்றார். அடுத்த தெருக் கணக்கு வாத்தியாரைச் சாயங்காலம் ரயிலில் ஏற்றிவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். "ஆச்சாடா? ஆச்சாடா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். எங்கே வாத்தியார் வேறு வண்டி பேசிவிடுவாரோ என்று பயம்.

சிவப்பு போனதும் என் வீட்டுக்காரர் பெடலைத் தோல் உறை மாட்டிய கையால் எடுத்து வண்டியில் பொருத்தினார். சிவப்பு போனால் சூடு போய்விட்டது என்று அர்த்தமில்லை. கருத்த இரும்பு ஆறியதா ஆறாததா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. "பெடல் சூடா இருக்குப்பா, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். அவர் சொன்னது உண்மை. படுதாவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

அடியில் படுத்தபடி கம்பிகளைப் பெடலோடு சேர்த்து, பின்களைச் செருகினார். அடுத்து என்ன? ஒருத்தர் மேலே உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும், ஒருத்தர் கீழே கவை எவ்வளவு அசைகிறது என்று பார்த்து நட்டைத் திருக வேண்டும். அந்தப் பட்டறையில் எத்தனையோ வண்டிக்கு அப்பனும் பிள்ளையும் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். கை பழகிய வேலை. வாயும் பழகிவிட்டது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிற குரல்தான் அன்றைக்கும் வந்தது.

"பெடலை அழுத்திப் பிடிங்கப்பா."

கார் கதவு திறந்தது. செருப்பைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு முன் சீட்டுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தேன். பெடலின் ரப்பர் உறை கழற்றியபடி என் மேஜை மேலேதான் கிடந்தது. கிழிந்த ஓரத்தை ஒட்டித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"விடாதீங்க. நட்டை டைட் பண்றேன்."

"விடலடா. நீ பண்ணு."

எனக்கு வாசனை வந்தது. ரெக்சினை மடிக்க ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பேன், அதைத்தான் அணைக்காமல் விட்டேனோ என்று தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. ரெக்சின் கருகினால் மூக்கில் ஏறும், கண் எரியும். இது அப்படி இல்லை. முடி பொசுங்குவது மாதிரி, அதற்கு அடியில் வேறு ஏதோ.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்கப்பா. அடிவரைக்கும்."

"அடிவரைக்கும் அழுத்திட்டேன்."

படுதாவை விலக்கினேன். மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நீள ரோடு ஒன்றைப் பார்ப்பது மாதிரி. நெற்றியில் வேர்த்திருந்தது. நான் குனிந்து அவர் காலைப் பார்த்தேன். பாதத்தின் ஓரத்திலிருந்து நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். காலைப் பிடித்து இழுத்தேன். உடனே வரவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்கு மனசில்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் மாமனார்.

என் வீட்டுக்காரர் அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ், கையில் ஸ்பானர். "லூஸ் சுத்தமாப் போச்சுப்பா" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். அதற்கப்புறம்தான் என் கையில் இருந்த காலைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். "எத்தனை நாளா உணர்ச்சி இல்ல? வீட்டுல ஒருத்தருக்குமா தெரியல?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரியும் என்று சொல்லி என் வீட்டுக்காரரை அந்த நேரத்தில் இன்னும் குத்த வேண்டுமா? சர்க்கரை எல்லை மீறி இருந்தது. புண் ஆறவில்லை, கருத்து மேலே ஏறியது. பாதத்தோடு நிறுத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"இது ஒரு காலோட நிக்கிற சமாச்சாரம் இல்ல. இன்னொரு காலையும் கவனமா பாத்துக்கணும்" என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். யார் வந்து விசாரித்தாலும் ஒரே பேச்சு. "நான்தான் எங்கப்பா காலைச் சுட்டேன்." அரைநூல் வந்தபோது சொன்னார். வாத்தியார் வந்தபோது சொன்னார். வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற காவலாளியிடமும் சொன்னார். அந்த ஆள் பாவம், வேறு பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டான். ராத்திரி படுத்தால், "சூடுன்னு சொன்னேனா இல்லியா, நீ கேட்டியா?" என்று என்னைக் கேட்பார். "கேட்டேன்" என்பேன். "அப்புறம் எதுக்கு அழுத்தச் சொன்னேன்?" என்பார். எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அவரை நினைத்து அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

வலி குறைந்து மாமனார் தலையணையில் சாய்ந்து உட்காருகிற நாள் வந்தது. அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எப்படி இருக்கு?"

"நிக்குதுப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒண்ணு யோசிச்சேன்டா. கிளட்சைக் கைக்கு மாத்திடேன். பெடலுக்குப் பதிலா ஸ்டியரிங் பக்கத்துல ஒரு நெம்புகோல். பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வலது கால் இருக்கு. இந்தக் கால் எதுக்கு?"

என் வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார். பிறகு எழுந்து, துணி மாட்டுகிற கம்பி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து வந்து வளைக்க ஆரம்பித்தார். "இங்க ஒரு முட்டிக்கை குடுத்தா, இப்படி இழுக்கும்ப்பா. கீழ இருக்கிற கம்பியெல்லாம் அப்படியே இருக்கட்டும், எல்லாம் புதுசுதானே." இரண்டு தலையும் அந்தக் கம்பியின் மேல் குனிந்துகொண்டன. அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் இரண்டு கவளம் சாப்பிட்டார். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் தள்ளுவண்டியில் இருந்த அந்தக் குழந்தைதான் என் கண் முன்னால் வந்து நின்றது.

அவர் மருந்து வாங்கப் போனதும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லுங்க. அன்னைக்கு சூடு தெரியவே இல்லியா?"

"தெரியலம்மா."

"சரி. வாசனை?"

போர்வையின் மடிப்பை நீவிவிட்டார்.

"படுதாவுக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்கே வந்துச்சு மாமா."

"உனக்கு முன்னாடியே எனக்கு வந்துச்சு" என்றார். "முதல்ல வண்டின்னு நினைச்சேன். அப்புறம் இது வண்டி இல்ல, என் கால்தான்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா எடுக்கல?"

"எப்படி எடுக்கறது? நல்ல கால் இருக்கிறவன் தொட்ட உடனே கத்தியிருப்பான். நான் கத்தல. அவன் கீழ படுத்துக்கிட்டு, பிடிச்சிருக்கீங்களான்னு கேட்டான், பிடிச்சிருக்கேன்னேன். அதுக்கு அப்புறம் சுடுதுன்னு சொன்னா, இவ்வளவு நேரம் ஏன் சொல்லலேன்னு கேப்பானே. சாவி போயிருக்கும்."

"சாவிக்காகக் காலைக் குடுத்தீங்களா?"

"கால் அதுக்கு முன்னாடியே போயிடுச்சும்மா. சாவி ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு." வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லாத" என்றார்.

நான் சொல்லாமல் இருக்கிற ஜாதி இல்லை. அது அவருக்கும் தெரியும். ஒரு மனுஷன் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறான், அதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ள என்னால் முடியாது. வராந்தாவில் மருந்துப் பையோடு வந்தவரை நிறுத்தி ஒன்று விடாமல் சொன்னேன்.

கேட்டு முடித்தவர், "எங்கப்பா அப்படிப் பண்ண மாட்டார்" என்றார்.

"பண்ணிட்டார். அவர் வாயாலயே சொன்னார்."

"அவருக்கு மருந்து மயக்கம். ஏதோ உளறியிருக்கார். நான்தான் சுட்டேன்."

"அய்யோ, சுட்டது நீங்கதான், அந்தப் பழியை வேணுங்கிற மட்டும் வெச்சுக்கங்க. நான் இப்ப அதைப் பேசல. இடது கால் பொய் சொல்லுச்சு. வலது கால் மட்டும் அரிச்சந்திரனா? பிரேக் அந்தக் கால்ல இருக்கு. நெம்புகோல் செய்யறதுக்கு முன்னாடி போய்க் கேளுங்க."

மருந்துப் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன்.

மாமனார் மல்லாந்து படுத்திருந்தார். போர்வைக்குள் இடுப்புக்குக் கீழே ஒரு கம்பிக் கூண்டு வைத்திருந்தார்கள், துணி புண்ணில் படாமல் இருக்க. தலையணையிலிருந்து பார்த்தால் அந்த மேடுதான் தெரியும், கால் தெரியாது. என் வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றார். வளைத்து வைத்த கம்பி பக்கத்து மேஜையில் கிடந்தது.

"அப்பா, வலது கால்ல உணர்ச்சி நல்லா இருக்குல்ல?"

"ஏன் இல்லாம? அது பாட்டுக்கு இருக்கு."

"ஒரு தடவை பாத்துடறேன். கட்டை விரலை அழுத்தறேன், தெரியுதான்னு சொல்லுங்க."

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு மகன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வார்டில் யாரோ இருமினார்கள். என் வீட்டுக்காரர் லேசாக முன்னால் குனிந்தார்.

"இப்ப அழுத்தறேன்ப்பா."

"ஸ்ஸ்... மெதுவாடா" என்றார் மாமனார். முகத்தைச் சுளித்தார். "வலிக்குது."

என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளும் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன.